காஜியாவும் சேஜும்: பாகம் தேடுவதும் மாட்டுவதும்

வீட்டு எஸ்பிரெசோ மெஷின் பழுதானால் இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. போன பாகத்துக்கு மாற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைத்ததை ஒழுகாமல், ஷாக் அடிக்காமல் மாட்ட வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பலரும் "இந்த மெஷினை ரிப்பேர் பார்க்கலாம், அதைப் பார்க்க முடியாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பாகம் சுலபமாகக் கிடைக்கிற மெஷினில் அதை மாட்டுவது முரட்டு வேலையாக இருக்கலாம். விரலாலேயே மாட்டிவிடக்கூடிய மெஷினுக்குப் பாகமே அகப்படாமல் போகலாம். இத்தாலியின் காஜியா கிளாசிக், ஆஸ்திரேலியாவின் பிரெவில் பரிஸ்டா எக்ஸ்பிரஸ் என்ற இரண்டு பிரபலமான மெஷின்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தால் இது கண்கூடாகத் தெரியும்.

காஜியா கிளாசிக் 1991இல் வந்தது. மேல்மூடியை எடுத்தால் உள்ளே இருப்பது மொத்தமே ஒரு சிறிய அலுமினிய பாய்லர், இரண்டு தெர்மோஸ்டாட், ஒரு பம்ப், ஒரு சொலினாய்டு வால்வு, மூன்று சுவிட்ச். எந்த வயர் எங்கே போகிறது என்பதை விரல் வைத்துத் தொடர்ந்து போகலாம். பரிஸ்டா எக்ஸ்பிரஸ் வேறு சாதி. கொட்டை அரைக்கும் கிரைண்டரும் அதற்குள்ளேயே இருக்கிறது. பாய்லருக்குப் பதில் தெர்மோகாயில், அதாவது அலுமினிய வார்ப்புக்குள் புதைத்த எவர்சில்வர் குழாய். வெப்பத்தைக் கவனிக்க சென்சார், எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ஒரு சர்க்யூட் போர்டு. காபியின் சுவையில் எது உசத்தி என்று சண்டை போடுபவர்கள் போடட்டும். நமக்கு வேண்டியது திருப்புளி எடுத்த பிறகு நடக்கும் கதை.

தேடலில் முதல் தடுக்கல் பெயரிலேயே இருக்கிறது. பிரெவில் 1932இல் சிட்னியில் தொடங்கிய கம்பெனி. ஆனால் பிரிட்டனில் 'பிரெவில்' என்ற பெயருக்கு உரிமை வேறொரு கம்பெனியிடம் இருப்பதால், ஆஸ்திரேலியக் கம்பெனி அங்கேயும் ஐரோப்பாவிலும் 'சேஜ்' என்ற பெயரில் விற்கிறது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பி.இ.எஸ். 870 என்று விற்கும் அதே பரிஸ்டா எக்ஸ்பிரஸ் பிரிட்டனில் எஸ்.இ.எஸ். 875. லண்டனில் இருக்கும் உறவினரிடம் "பிரெவில் மெஷினுக்கு ஒரு கேஸ்கட் வாங்கி அனுப்பு" என்று சொன்னால், அவர் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு மெஷினின் வாஷரை நல்லெண்ணத்தோடு அனுப்பி வைப்பார். ஆகவே பெயரைச் சொல்லிக் கேட்கவே கூடாது. மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து மாடல் எண், வோல்ட், வாட் மூன்றையும் எழுதிக்கொண்டு தேட வேண்டும்.

காஜியாவில் பெயர்க் குழப்பம் இல்லை. அங்கே வருடக் குழப்பம். 2015இல் வந்த கிளாசிக்கில் பாய்லர் எவர்சில்வருக்கு மாறியது. பிறகு வந்த கிளாசிக் ப்ரோ மறுபடி அலுமினியத்துக்கே திரும்பியது. 2024இல் வந்த மாடலில் பித்தளை பாய்லர். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். பாய்லர் சம்பந்தப்பட்ட எந்தப் பாகமானாலும் எந்த வருடத்து மெஷின் என்று தெரியாமல் காசு கட்டக்கூடாது. இருந்தாலும் காஜியாவின் பாகப் படங்கள், நட்டு முதல் பாய்லர் வரை பிரித்து எண் போட்டவை, இணையத்தில் எளிதில் கிடைக்கின்றன. எண் கையில் இருந்தால் தேடலில் பாதி முடிந்தது.

பம்பிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இரண்டு மெஷினும் கைகுலுக்கிக்கொள்ளும் இடம் அதுதான். இரண்டிலும் இருப்பது உல்கா வகை அதிர்வுப் பம்ப். உல்கா என்பது இத்தாலியத் தயாரிப்பு. செப்புக் கம்பிச் சுருளுக்குள் ஒரு பிஸ்டன், அதைத் தள்ள ஒரு ஸ்பிரிங், கூடவே ஒரு டையோடு. மின்சாரத்தின் ஒரு அரைச்சுற்றில் காந்தம் பிஸ்டனை இழுக்கும். அடுத்த அரைச்சுற்றை டையோடு தடுத்துவிட, ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இது வினாடிக்கு 50 முறை நடக்கிறது. வீட்டு மெஷின்கள் காபி இறக்கும்போது போடும் அந்த 'கர்ர்' சத்தம் இதுதான். பம்பின் மாடல் இ.பி. 5 என்றால் தண்ணீர் வெளியேறும் முனை பிளாஸ்டிக், இ.எக்ஸ். 5 என்றால் பித்தளை. மற்றபடி உடம்பு ஒன்றே. பம்பின் மேலேயே 2 நிமிடம் ஓடினால் 1 நிமிடம் ஓய்வு என்று அச்சிட்டிருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை, பம்பும் வெந்துபோகிறது.

இந்தப் பம்ப் எஸ்பிரெசோ மெஷினுக்கென்றே பிறந்ததல்ல. பெரிய நீராவி இஸ்திரிகளிலும் தரை கழுவும் மெஷின்களிலும் இதே வகைதான் ஓடுகிறது. அதனால்தான் காஜியாக்காரரானாலும் சேஜ்காரரானாலும் பம்ப் போனால் கலங்க வேண்டியதில்லை. விலை மெஷின் விலையில் மிகச் சிறிய பங்கு. பார்க்க வேண்டியது வோல்ட், முனையின் வகை இரண்டும்தான். மாட்டும்போது பம்பிலுள்ள அம்புக்குறி பாய்லரைப் பார்த்து இருக்க வேண்டும். பித்தளை முனையில் டெஃப்லான் டேப் சுற்றி ஸ்பேனரால் இறுக்கலாம். பிளாஸ்டிக் முனையில் அந்த வீரத்தைக் காட்டினால் மரையோரம் கீறல் விழுந்து, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் கசியும். புதுப் பம்ப் காய்ந்திருக்கும், முதலில் காற்றைத்தான் விழுங்கும். நீராவிக் குழாயைத் திறந்துவைத்து விட்டுவிட்டு ஓட்டினால் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்.

பம்பைத் தாண்டியதும் பாதை பிரிகிறது. காஜியாவின் கைப்பிடியில் உட்காரும் காபிக் கூடை 58 மி.மீ. அளவு. அது காபிக் கடைகளின் பெரிய மெஷின்களில் வேரூன்றிய அளவு. ஃபெமா கம்பெனி 1961இல் கொண்டுவந்த இ-61 மெஷினின் தலைப்பகுதியை இன்று பல இத்தாலியக் கம்பெனிகள் வீட்டு மெஷினிலும் வைக்கின்றன. அவற்றுக்கும் இதே 58தான். அந்தச் சந்தைக்காகக் கூடை செய்பவர்கள், சல்லடை செய்பவர்கள் எல்லோருடைய சரக்கும் காஜியாக்காரருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கைப்பிடியே அப்படியே மாற்றிக்கொள்ளத் தக்கது என்று மட்டும் நினைத்துவிடக்கூடாது. பிடிக்காதுகளின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கூடை பொருந்தும், கைப்பிடி மக்கர் செய்யும். இதைவிட வேடிக்கை, பழைய கிளாசிக்கின் நீராவிக் குழாய் பிடிக்காதவர்கள் போட்டிக் கம்பெனியான ரான்சீலியோவின் சில்வியா மெஷினுடைய குழாயை வாங்கி மாட்டுவது. காஜியா உலகத்தில் அது பல வருடப் பழக்கம்.

பரிஸ்டா எக்ஸ்பிரஸின் அளவு 54 மி.மீ. அது பிரெவிலின் சொந்த வீட்டு அளவு. கம்பெனி பெரியது, மெஷின் ஏராளமாக விற்றிருக்கிறது. அதனால் 54க்கும் கூடை, கேஸ்கட், சல்லடை செய்து விற்கும் வெளியாட்கள் முளைத்துவிட்டார்கள். வெளியில் தெரியும், கையால் கழற்றக்கூடிய பாகங்களைக் கம்பெனியும் விற்கிறது: தண்ணீர்த் தொட்டி, கொட்டை போடும் கூம்பு, கிரைண்டரின் மேல் பல்சக்கரம், கேஸ்கட். உள்ளே போனால்தான் கதவு சாத்தியிருக்கிறது. தெர்மோகாயில், சர்க்யூட் போர்டு, சென்சார் ஆகியவை பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் வழியாகவே வர வேண்டியவை. வெளியே கிடைப்பது இறந்துபோன இன்னொரு மெஷினிலிருந்து பிரித்தெடுத்த பழைய பாகம், இல்லையென்றால் பெயர் இல்லாத நகல். பழைய போர்டு வாங்குவது சூதாட்டம். அந்த மெஷின் எதனால் இறந்தது என்பதை விற்பவர் சொல்லமாட்டார், அது அந்தப் போர்டினாலேயேகூட இருக்கலாம்.

தமிழ்நாட்டில் மிக்ஸி வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே தேவையில்லை. ஜார் கப்ளர், புஷ், கார்பன் பிரஷ் எல்லாம் சிறு ஊர்ப் பாத்திரக்கடையிலும் தொங்குகின்றன. கம்பெனி பெயர் கேட்காமலே கடைக்காரர் பழைய கப்ளரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஜோடியை எடுத்துப் போடுகிறார். மிக்ஸி தலைமுறை தாண்டுவதற்கு அந்தக் கடைதான் காரணம், மோட்டாரின் உறுதி அதற்கு அடுத்தபடிதான். காஜியாவுக்கும் அப்படிப்பட்ட ஒரு 'கடை' இணையத்தில் உருவாகியிருக்கிறது. இதில் ஒரு விசித்திரமான உறவும் உண்டு. காஜியாவை 1999இல் சைகோ வாங்கியது, சைகோவை 2009இல் பிலிப்ஸ் வாங்கியது. 2011இல் அதே பிலிப்ஸ் சென்னையின் பிரீத்தி மிக்ஸியையும் வாங்கியது. பிறகு பிலிப்ஸ் தன் வீட்டு உபயோகப் பிரிவையே விற்றுவிட, அது இப்போது வெர்சுனி என்ற பெயரில் நடக்கிறது. மிலானில் பிறந்த காஜியாவும் நம் வீட்டு பிரீத்தியும் இன்று ஒரே முதலாளியின் கீழ்.

வோல்ட் விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் மெஷின்கள் நம் வீடுகளில் குறைவில்லை. அங்கே 120 வோல்ட், இங்கே 230. ஒரே ஹீட்டருக்கு வோல்ட் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்காகும். 120க்குச் செய்த ஹீட்டரை 230இல் சொருகினால் அது கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மடங்கு மின்சாரத்தைத் தின்று நொடிகளில் கருகும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். நிரந்தரத் தீர்வு பாகங்களை மாற்றுவது. போர்டு இல்லாத காஜியாவில் வோல்ட் பார்க்கும் பாகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஹீட்டரோடு சேர்ந்த பாய்லர், பம்ப், சொலினாய்டின் காயில், சின்ன விளக்குகள். இவற்றை 230 வோல்ட் வகையில் வாங்கி மாற்றினால் மெஷின் இந்தியக் குடிமகன் ஆகிவிடும். தெர்மோஸ்டாட்டுகள் அப்படியே இருக்கலாம். பரிஸ்டா எக்ஸ்பிரஸில் இந்தப் பட்டியலோடு சர்க்யூட் போர்டும் கிரைண்டர் மோட்டாரும் சேர்ந்துகொள்கின்றன. கூட்டிப் பார்த்தால் புது மெஷினே வாங்கிவிடலாம்.

தேடலில் காஜியா ஜெயித்துவிட்டது. இனி மாட்டும் வேலை. இங்கே கணக்கு தலைகீழ்.

கைப்பிடி உட்காரும் இடத்து கேஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். எல்லா எஸ்பிரெசோ மெஷினிலும் முதலில் போகும் பாகம் அதுதான். கைப்பிடியின் விளிம்பில் தண்ணீர் கசிய ஆரம்பிக்கும். இடமிருந்து வலமாகத் திருகும் கைப்பிடி, முன்பு நமக்கு நேராக வருவதற்குச் சற்று முன்பே இறுகிக்கொண்டது, இப்போது நேர்க்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனாலும் இறுகாது. காஜியாவில் முதலில் சல்லடையின் நடு ஸ்குரூவைக் கழற்ற வேண்டும். அதற்கு மேலே இருக்கும் அலுமினியத் தட்டை ஆலன் கீ போட்டு இறக்க வேண்டும். பிறகுதான் கேஸ்கட் முகம் காட்டும். சூட்டில் வருடக்கணக்கில் வெந்த ரப்பர் கருங்கல் மாதிரி ஆகியிருக்கும். திருப்புளியால் நெம்பினால் துண்டு துண்டாக உடையும், பள்ளத்தின் சுவரையும் கீறிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு மர ஸ்குரூக்களை ரப்பருக்குள் எதிரெதிரே இறக்கி, குறடால் பிடித்து ஒரே சீராக இழுப்பார்கள். முழுதாக வந்துவிடும். பள்ளத்தில் ஒட்டிய காபிக் கறையைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டிவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். அதன் ஒரு விளிம்பு சாய்வாக இருந்தால் அந்தப் பக்கம் மேலே. சிலிக்கான் கேஸ்கட் கிடைத்தால் அதையே போடலாம், ரப்பர் மாதிரி கல்லாகாது.

பரிஸ்டா எக்ஸ்பிரஸில் இதே வேலைக்கு வேண்டிய ஆலன் கீயைக் கம்பெனியே மெஷினோடு கொடுத்துவிடுகிறது. ஒரு ஸ்குரூ, சல்லடை கையில் வரும். சிலிக்கான் வளையத்தை மூக்குக் குறடால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். புதியதை விரலால் அழுத்தி உட்காரவைத்தால் முடிந்தது. காபி ஆறுவதற்குள் செய்துவிடக்கூடிய வேலை. உள்ளேயும் இதே குணம்தான். குழாய்கள் பெரும்பாலும் ஓ-ரிங் போட்டுச் செருகி, கிளிப்பால் பூட்டியவை. கிளிப்பை எடு, குழாயை இழு, புது ஓ-ரிங் மாட்டு, திரும்பச் செருகு. மரை பிடிக்குமா என்ற பயம் கிடையாது. ஆனால் உள்ளே போய்ச் சேருவதற்குள் பொறுமை சோதிக்கப்படும். கிரைண்டரும் போர்டும் வயர் கட்டுகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதால், ஒன்றை எடுக்க மூன்றை நகர்த்த வேண்டும். மூடியைத் தூக்குவதற்கு முன் போனில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் பின்னால் மெக்கானிக்கைத் தேடுவார்கள்.

காஜியாவின் உண்மையான சோதனை பாய்லர். அது இரண்டு பாதிகளாக வந்து நான்கு போல்ட்டுகளால் இணைந்தது, நடுவில் ஒரு ஓ-ரிங். இரும்பு போல்ட், அலுமினிய உடம்பு. ஈரமும் சூடும் சேரும்போது இந்த இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் அரிப்பு ஏற்பட்டு, போல்ட் உள்ளேயே குடியேறிவிடும். பத்து வருடம் திறக்காத பாய்லரின் போல்ட்டை அவசரப்பட்டுத் திருகினால் தலை மழுங்கும், அல்லது தலை மட்டும் கையோடு வந்து தண்டு உள்ளே தங்கும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, இளஞ்சூடு காட்டி, சரியான அளவு ஆலன் கீயை முழுதாக இறக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துத்தான் எடுக்க வேண்டும். மறுபடி மாட்டும்போது புது எவர்சில்வர் போல்ட் போட்டு, மரையில் பிடித்துக்கொள்ளாமலிருக்கும் பசையைத் தடவி, குறுக்குக் குறுக்காக இறுக்கினால் அடுத்த தடவை அழ வேண்டியதில்லை. தெர்மோஸ்டாட்டுகளும் நோஞ்சான்கள். 107 டிகிரியில் ஒன்று காபிக்கு, 145இல் ஒன்று நீராவிக்கு. இரண்டையும் மெல்லிய திருகுத் தண்டுதான் பாய்லரில் பிடித்திருக்கிறது. கையால் இறுகியதற்கு மேல் ஒரு துளி அதிகம் திருகினாலும் தண்டு ஒடிந்து பாய்லருக்குள் மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவு கஷ்டத்துக்கும் கிடைக்கும் கூலி என்ன? திறந்த பாய்லருக்குள் கண்ணால் பார்க்கலாம். சென்னையின் போர் தண்ணீரை ஊற்றிய மெஷினில் உள்ளே வெள்ளைப் பாளமாக உப்புப் படிந்திருக்கும், அதைச் சுரண்டி எடுக்கலாம். தெர்மோகாயிலில் அது முடியாது. வார்ப்புக்குள் சுருண்டு கிடக்கும் குழாயைத் திறக்க வழியே கிடையாது. உப்புக் கரைக்கும் அமிலத்தை ஓடவிட்டு, கரைந்திருக்கும் என்று நம்ப வேண்டியதுதான். முழுதாக அடைத்துக்கொண்டால் தெர்மோகாயிலையே மாற்ற வேண்டும். காஜியாவைப் பற்றியும் ஒன்றை மறைக்கக்கூடாது. அதிலும் ஹீட்டர் தனிப் பாகம் அல்ல, பாய்லரின் சுவரோடு சேர்த்து வார்த்தது. ஹீட்டர் கருகினால் பாய்லரின் மேல்பாதியையே வாங்கியாக வேண்டும். ஒரே வித்தியாசம், அது கடையில் கிடைக்கிறது. கருகியதா என்று அறிய மல்டிமீட்டர் போதும். 230 வோல்ட்டில் சுமார் 1,400 வாட் என்றால் 38 ஓம் அருகில் காட்ட வேண்டும். எல்லையற்றது என்று காட்டினால் ஹீட்டர் போய்விட்டது.

உப்பு கரைக்கும் வேலை தானே ஒரு பழுதைக் கொண்டுவரும். அமிலத்தில் முழுதாகக் கரையாத செதில்கள் கிளம்பிப் போய் சொலினாய்டு வால்வின் ஊசித்துளையில் உட்கார்ந்துகொள்ளும். நேற்றுவரை ஓடிய மெஷின் 'சுத்தம்' செய்த மறுநாள் படுத்துக்கொள்வதன் ரகசியம் பல வீடுகளில் இதுதான். காஜியாவில் கண்டுபிடிப்பது எளிது. பம்ப் சத்தம் போடுகிறது, நீராவிக் குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது, காபி இறங்கும் வாயில் வரவில்லை என்றால் வால்வு அடைத்திருக்கிறது. இரண்டு ஸ்குரூவைக் கழற்றினால் வால்வு கையில் வரும். காயிலை உருவிவிட்டு, உள்ளே இருக்கும் சிறிய உருளையை எடுத்து, பித்தளை உடம்பை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறப்போட்டுக் கழுவினால் புதியது வாங்கும் செலவு மிச்சம். அடியில் இருக்கும் குட்டி ஓ-ரிங்குகளைத் தொலைக்காமல் இருப்பதே இதில் பெரிய திறமை. பரிஸ்டா எக்ஸ்பிரஸிலும் சொலினாய்டு உண்டு, அதே மாதிரிதான் அடைக்கும். ஆனால் அங்கே வெளியிலிருந்து பார்த்து, அடைப்பு வால்விலா, தெர்மோகாயிலிலா, அல்லது போர்டு வால்வுக்கு உத்தரவே கொடுக்கவில்லையா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மூன்றில் எது என்று தெரியாமல் பாகம் வாங்குவது பணத்தைக் கிணற்றில் போடுவது.

இரண்டு மெஷினுக்கும் பொதுவான சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் தொடாதீர்கள். ஓ-ரிங்குக்குத் தடவ உணவுக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான். வாசலின், வண்டி கிரீஸ் போன்ற பெட்ரோலியச் சரக்கு இ.பி.டி.எம். ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்துவிடும். சூட்டு ஃபியூஸ் போயிருந்தால், காஜியாவில் அது 184 டிகிரி ஃபியூஸ், முதலில் ஏன் போனது என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டதாலோ, தண்ணீர் இல்லாமல் நீராவி போட்டதாலோ போயிருக்கும். புது ஃபியூஸைச் சால்டர் வைத்து ஒட்டினால் அந்தச் சூட்டிலேயே அது இறந்துவிடும், அழுத்திப் பிடிக்கும் கிளிப்தான் போட வேண்டும். ஃபியூஸை எடுத்துவிட்டு நேரடியாக வயரை முறுக்கி ஓட்டும் 'கைராசி'க்காரர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

போர்டு இல்லாத மெஷின் என்று காஜியாவைப் புகழ்வதற்கும் இனி காலக்கெடு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சேமிப்பு விதிப்படி 2015 தொடக்கம் முதல் அங்கே விற்கும் காபி மெஷின்கள் சும்மா நின்றால் தானாக அணைய வேண்டும். அதற்காக ஐரோப்பியக் காஜியாக்களுக்குள்ளும் ஒரு சின்ன போர்டு நுழைந்துவிட்டது. அதே ஒன்றியம் 2024இல் ரிப்பேர் உரிமைக்கென்று ஒரு சட்டமும் இயற்றியது. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், வாக்குவம் கிளீனர், செல்போன் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. காபி மெஷின் இல்லை. ஆக, பாகம் விற்பதும் விற்காததும் கம்பெனிகளின் மனசுதான். 2022இல் பிரெவில் இத்தாலியின் லெலிட் கம்பெனியை வாங்கிவிட்டது. இ-61 தலை வைத்த, எந்த மெக்கானிக்கும் திறக்கத் தயங்காத மெஷின்களை விற்கும் கம்பெனி அது. ஒரே முதலாளியிடம் இப்போது திறந்த வீடும் இருக்கிறது, பூட்டிய வீடும் இருக்கிறது. திறந்த வீட்டின் பழக்கம் பூட்டியதற்குத் தொற்றும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது.

இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் என் ஓட்டு காஜியாவுக்குத்தான், மாட்டுவது அதில் கடினம் என்று தெரிந்தே சொல்கிறேன். பிடித்துக்கொண்ட போல்ட்டைக் கழற்றும் வித்தையைக் கற்றுக்கொள்ளலாம், பக்கத்துத் தெரு லேத் பட்டறையில் கேட்டால் ஒடிந்த தண்டையும் எடுத்துக் கொடுப்பார்கள். கிடைக்காத சர்க்யூட் போர்டை எந்தப் பட்டறையும் செய்து தராது. அதே நேரம், கம்பெனி சர்வீஸ் இருக்கும் ஊரில் குடியிருந்து, திருப்புளியைத் தொட விரும்பாதவருக்கு பரிஸ்டா எக்ஸ்பிரஸ் தப்பான தேர்வு அல்ல. வாரன்டி இருக்கும்வரை அது தொல்லை தராது. கேஸ்கட்டும் பம்பும் அதற்குப் பிறகும் கிடைக்கும்.

எந்த மெஷின் வாங்குவதானாலும் பணம் கட்டும் முன் நான்கு பாகங்களை மாடல் எண்ணும் வோல்ட்டும் போட்டுத் தேடிப் பாருங்கள்: கேஸ்கட், பம்ப், சொலினாய்டு வால்வு, ஹீட்டரோடு கூடிய பாய்லர் அல்லது தெர்மோகாயில். நான்கும் விலையோடு கிடைத்தால் தைரியமாக வாங்குங்கள். கடைசி இரண்டும் கிடைக்கவில்லை என்றால், மெஷின் விலையை வாரன்டி வருடங்களால் வகுத்துப் பார்த்து, அந்த வருட வாடகை கட்டுப்படியாகுமா என்று முடிவுசெய்யுங்கள்.